பாலைவன எரிமலைப் பேக்கேஜ்: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: சிலி–அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் ஓஹோஸ் டெல் சலாதோ எரிமலைக்கு (6,893 மீட்டர்) இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டேன். 'மலையேற்றப் பயிற்சி தேவையில்லை' என்று இரண்டுமே சொல்கின்றன. ஒன்று 8 நாள், மற்றது 13 நாள். 13 நாளுக்கு விலை ஒன்றரை மடங்கு. மலை ஒன்றுதானே?

பதில்: மலை ஒன்றுதான். அந்த 5 நாளுக்குத்தான் கூடுதல் பணம், அதைக் கொடுத்துவிடுங்கள்.

வழி பெரும்பாலும் மணலும் சரளையுமான சரிவு. கால் அல்ல, மூச்சுதான் பிரச்சினை. கோபியாபோ நகரம் 400 மீட்டர் உயரம்கூட இல்லை. காலையில் அங்கே ஜீப் ஏறினால் மாலையில் 3,700 மீட்டருக்கு மேலே, சாந்தா ரோசா ஏரிக்கரையில் இருப்பீர்கள். அடுத்து லகுனா வெர்தே என்ற ஏரி, சுமார் 4,300. பிறகு அட்டகாமா குடில், சுமார் 5,200. கடைசியாக தெஹோஸ் குடில், சுமார் 5,800. வண்டி இவ்வளவு தூரம் ஏறுவதுதான் இங்கே வம்பு. வியர்க்காமலே உயரம் வந்துவிடும், உடம்பு மட்டும் கீழேயே நிற்கும். 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. 8 நாளில் இது அடங்காது.

எந்த இரவு எந்த உயரத்தில் என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். சாந்தா ரோசாவில் 2, லகுனா வெர்தேயில் 3, அட்டகாமா குடிலில் 2 இரவாவது இருக்கட்டும். காற்று அடங்கக் காத்திருக்க 2 நாள் உபரி வேண்டும். உச்சிக்குப் போகும் இரவில் வண்டி மேலேயே நிற்குமா என்றும் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறக்குவதுதான் வைத்தியம். கைபேசி சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனும் ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லாத நிறுவனம் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

'பயிற்சி தேவையில்லை' என்பது எரிமலை வாயின் விளிம்பு வரை சரி. அதற்கு மேல் உச்சிக்கு முன் கொஞ்சம் பாறை இருக்கிறது, கை ஊன்றி, கயிறு பிடித்து ஏற வேண்டும். முன்பு போனவர்கள் விட்டுவந்த கயிறு வெயிலிலும் காற்றிலும் நைந்திருக்கலாம். வழிகாட்டி சொந்தக் கயிறும் அதோடு உடம்பைப் பிணைக்கும் இடுப்பு வாரும் கொண்டுவர வேண்டும், இதுவும் எழுத்தில்.

கேள்வி: இமயமலை டிரெக்கிங்குக்கு வாங்கிய ஷூ போதுமா?

பதில்: ஏரிக்கரை வரை போதும். உச்சி நாளன்று விடியுமுன் கிளம்புவீர்கள். மைனஸ் 20 டிகிரி குளிரோடு காற்றும் சேர்ந்தால் விரல் மரத்துப்போகும். உள்ளுறை தனியாகக் கழலும் இரட்டை பூட்ஸ் வேண்டும். ஒரே பயணத்துக்கு என்றால் வாடகைக்கு எடுங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். சரிவில் இறங்குவதுபோல் சாய்ந்து நிற்கும்போது கட்டைவிரல் முன்னால் இடித்தால் அடுத்த சைஸ். இரவில் உள்ளுறையைக் கழற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுங்கள். வெளியே விட்டால் வியர்வை உறைந்து, காலையில் கால் நுழையாது. சரிவில் பனி கிடக்கும் ஆண்டில் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டமான கிராம்பானும் தேவைப்படும், அது அந்த பூட்ஸில் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: குழாய் வைத்த தண்ணீர்ப் பை வாங்கலாமா?

பதில்: வேண்டாம், குழாய்தான் முதலில் உறையும். வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கி, வெந்நீர் ஊற்றி, உறையில் போட்டுத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்து கட்டும், மூடிப்பக்கம் தப்பிக்கும். லகுனா வெர்தே உப்பு ஏரி, அதன் தண்ணீர் குடிக்க உதவாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டராவது வண்டியில் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: 'அனுமதிக் கட்டணம்' என்று தனியாகக் கேட்கிறார்கள். பயணக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது.

பதில்: எல்லை மலைகளில் ஏற வெளிநாட்டவருக்கு டிஃப்ரோல் என்ற சிலி அரசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. விண்ணப்பித்துத் தரும் வேலைக்குக் கூலி கேட்டால் அது வேறு கணக்கு, பில்லில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டில் உயர வரம்பைத் தேடுங்கள். பல பாலிசிகள் 4,500 அல்லது 6,000 மீட்டரோடு நின்றுவிடும். 'கயிறு பயன்படுத்தும் ஏற்றம் விலக்கு' என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கடைசிப் பாறைக்குக் காப்பீடு இல்லை என்று அர்த்தம்.