உப்பு, மிளகு, தொலைந்த நாட்கள்: இடைக்கால உலகம் பற்றிக் கேள்வி பதில்

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும், ஓரிரு ஆசிரியர்களும் கேட்டவை இவை. பல வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சுலப வழி கேட்டவர்களை மட்டும் ஒதுக்கிவிட்டேன். அந்த வித்தை எனக்கும் கடைசி வரை கைவரவில்லை.

டீச்சர், இடைக்காலம் என்றால் எதற்கும் எதற்கும் இடையில்? (ஏழாம் வகுப்பு மாணவன்)

இந்தப் பெயர் இத்தாலியப் படிப்பாளிகளின் நினைப்பில் பிறந்தது, தம்பி. பழைய ரோம் ஒரு பொற்காலம், தாங்கள் வாழ்வது இன்னொரு பொற்காலம், நடுவில் கிடந்ததெல்லாம் இருட்டு என்பது அவர்கள் கணக்கு. மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவி இழந்த 476-இல் தொடங்கி ஏறத்தாழ 1500 வரை என்று பாடப் புத்தகம் வைத்துக்கொள்ளும்.

இருட்டு யாருக்கு என்று கேட்டுப் பார். அந்தக் காலத்தில்தான் பாக்தாத்தில் கிரேக்க மருத்துவமும் கணிதமும் அரபியில் பெயர்க்கப்பட்டன. சீனத்தின் சோங் அரசு காகிதப் பணம் அச்சடித்தது. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதர்கள் 1015-இல் அந்தச் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் இங்கே அனுப்பியவரே காலமாகிவிட்டார். அவ்வளவு தூரம், அவ்வளவு நாள்.

மாலி நாட்டு மான்சா மூசாதான் உலகத்திலேயே பெரிய பணக்காரராம். இன்றைய கணக்கில் எத்தனை கோடி? (எட்டாம் வகுப்பு மாணவி)

கோடிக் கணக்கு சொல்கிற வீடியோக்களை நம்பாதே, கண்ணு. யாரோ உட்கார்ந்து கற்பனையாகப் போட்ட எண் அது. நமக்குத் தெரிந்த கதை அதைவிட ருசியானது. 1324-இல் மக்கா போகிற வழியில் மூசா கெய்ரோவில் தங்கினார். கூட வந்தவர்கள் தங்கத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தார்கள். சந்தையில் தங்கம் குவிந்ததும் அதன் விலை இறங்கிவிட்டது. சுமார் பன்னிரண்டு வருடம் கழித்து எழுதிய அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி, விலை இன்னும் பழைய நிலைக்கு ஏறவில்லை என்கிறார்.

சரி, மாலிக்குத் தங்கம் கைமாறியது எதற்குப் பதிலாக? முக்கியமாக உப்புக்கு! சகாராவின் நடுவே தகாசா என்றொரு சுரங்க ஊர். 1352-இல் அங்கே போன மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, வீட்டுச் சுவரும் பள்ளிவாசல் சுவரும் உப்புப் பாளத்தால் கட்டியிருந்ததையும், கூரைக்கு ஒட்டகத் தோல் போட்டிருந்ததையும் எழுதி வைத்தார். ஊரில் ஒரு மரம்கூட இல்லை. அந்தப் பாளங்களை ஒட்டகத்தில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனால், அங்கே உப்பு கிடைக்காத ஊர்க்காரர்கள் தங்கத்தோடு காத்திருப்பார்கள். வெயிலில் நாள் முழுக்க வேர்க்கிற உடம்புக்கு உப்பு இல்லாமல் முடியாது, தங்கம் இல்லாமல் முடியும். மூசாவின் பணப்பெட்டி நிறைந்தது இந்தப் போக்குவரத்துக்கு அவர் நாடு வரி வாங்கியதால்.

பையன் கொள்ளைநோய்ப் பாடம் படித்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான். கனவில் பறவை மூக்கு வைத்த டாக்டர் வருகிறாராம். (ஒரு அம்மா)

முதலில் அவனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள் அம்மா. அந்த மூக்கு முகமூடி 17-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1347-இல் மெசினா துறைமுகத்தில் நோய் வந்து இறங்கியபோது அப்படி ஒரு டாக்டரும் இல்லை. இரண்டாவது, பிளேக் இன்று மாத்திரை ஊசியில் குணமாகிற நோய், சீக்கிரம் கண்டுபிடித்தால் போதும்.

அப்புறம், பயம் தெளிந்த பிறகு, பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோகிற பகுதியைப் பேசுங்கள். சில வருடத்தில் ஐரோப்பாவில் மூன்றில் ஒருவராவது இறந்திருப்பார், பாதிப்பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு. வயல் அப்படியே கிடக்கிறது, அறுக்க ஆள் இல்லை. பிழைத்த கூலிக்காரர், "இவ்வளவு கொடுத்தால்தான் வருவேன்" என்று முதல் தடவையாகப் பேரம் பேசினார். நிலக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. நோய்க்கு முன்னால் இருந்த கூலிதான், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்று இங்கிலாந்து 1351-இல் சட்டமே போட்டது. சட்டத்தைப் பார்த்துக் கூலி நிற்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்து 1381-இல் குடியானவர் கலகமாக வெடித்தது.

கப்பலைக் காக்க வைக்கிற வழக்கமும் இந்த நோய் கொடுத்ததே. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே இருக்க வேண்டும் என்று 1377-இல் விதித்தது. பிறகு அது 40 நாளானது. கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் கற்றுக்கொண்ட 'குவாரண்டைன்' என்ற சொல்லுக்குள் இருப்பது நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்.

செங்கிஸ்கான் நல்லவரா கெட்டவரா? (ஆறாம் வகுப்பு மாணவன்)

எந்த ஊரில் நின்று கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. பாக்தாத்தில் நின்றால், அவருடைய பேரன் ஹுலாகு 1258-இல் அந்த நகரத்தை அழித்த கதையைச் சொல்வார்கள். வியாபாரியாய் இருந்தால் சாலைக் காவலையும், குதிரை மாற்ற ஆங்காங்கே வைத்திருந்த அஞ்சல் நிலையங்களையும் புகழ்வார்கள். 1254-இல் மங்கோலியத் தலைநகர் காரகோரத்துக்குப் போன ரூப்ருக் வில்லியம் என்ற பாதிரியார், அங்கே பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரைப் பார்த்தார். அப்போது ஆண்ட கானுடைய அரண்மனையில் வெள்ளியால் ஒரு மரம் செய்து, குழாய் வழியே விதவிதமான மது கொட்டும்படி அமைத்திருந்தாராம். பாரிஸ்காரர் அங்கே எப்படி வந்தார் என்கிறாயா? ஹங்கேரியில் சிறைபிடித்துக் கொண்டுவந்தார்கள். கேள்விக்குப் பதில் அந்த ஒரு ஆளிடமே இருக்கிறது.

1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து வணிகப் பாதையை அடைத்தார்கள், அதனால் ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். இது சரியா மேடம்? (ஓர் ஆசிரியர்)

நானும் முதல் பத்து வருடம் இப்படித்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பாதிதான் சரி.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். போர்ச்சுக்கல் ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்தது 1415-இல். அவர்கள் கப்பல் பொஜதோர் முனையைத் தாண்டியது 1434-இல். கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 19 வருடம் இருக்கிறது! அவர்களை முதலில் இழுத்தது மாலிப் பக்கத்துத் தங்கம்.

மிளகு விஷயம் இன்னும் சுவாரசியம். மலபார் மிளகில் பெரும்பங்கு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அலெக்சாந்திரியா துறைமுகத்தில் வெனிஸ் வியாபாரிகள் கைக்கு மாறியது. அந்த வழி கான்ஸ்டான்டிநோபிள் பக்கமே போகாது. எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517-இல். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததோ 1498-இல். அடைக்காத கதவை உடைத்துக்கொண்டா வந்தார்?

என் கணிப்பில், வழி அடைபட்டதைவிட லாபம் வேறொருவர் பையில் விழுந்ததுதான் போர்ச்சுக்கலை உறுத்தியது. மலபாரில் தொடங்கி ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. எகிப்து சுல்தான் வரி எடுத்தார், வெனிஸ்காரர் லாபம் எடுத்தார். நேராகப் போய் வாங்கினால் அத்தனையும் தமக்கு என்று லிஸ்பன் நினைத்தது. துருக்கியர் வருகையால் கருங்கடல் பக்கம் ஜெனோவாக்காரர்களின் வியாபாரம் அடிபட்டது உண்மை. அந்த அளவுக்குப் பாடமும் உண்மை. பிள்ளைகள் பரீட்சையில் பாடப் புத்தகத்து விடையை எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். வகுப்பில் மட்டும் இந்தத் தேதிகளைப் பலகையில் போட்டு, கதை எங்கே இடிக்கிறது என்று அவர்களையே கேளுங்கள்.

கொலம்பஸ்தான் உலகம் உருண்டை என்று நிரூபித்தாரா? (ஏழாம் வகுப்பு மாணவி)

இல்லை. படித்தவர்களுக்கு அது அவருக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்பே தெரியும். கொலம்பஸ் செய்த தப்பு உருண்டையைச் சின்னதாகக் கணக்கிட்டதுதான். நடுவில் அமெரிக்கா குறுக்கிட்டிருக்காவிட்டால் பசியிலேயே செத்திருப்பார்.

மிளகாய் நம் ஊர்ச் செடி இல்லை என்று பாட்டியிடம் சொன்னேன். திட்டிவிட்டார். (ஆறாம் வகுப்பு மாணவி)

பாட்டியிடம் சண்டை போடாதே, பெயரை மட்டும் பிரித்துக் காட்டு. மிளகு மாதிரி உறைக்கிற காய், மிளகு-காய். புதிதாக வந்த பொருளுக்குப் பழகிய பொருளின் பெயரை ஒட்டிவிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. அதற்கு முன் நம் ரசத்தின் காரமெல்லாம் மிளகுதான், பாட்டி அதை ஒப்புக்கொள்வார்.

நம் பக்கத்துக் கண்டங்களிலிருந்து அங்கே போனவை குதிரை, கோதுமை, கரும்பு. கூடவே பெரியம்மை. அந்த நோயை அதுவரை கண்டிராத மக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். 1520-இல் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மன்னர் குயிட்லாவாக்கே அதில்தான் இறந்தார். அடுத்த வருடம் ஆகஸ்டில் அவர்கள் தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்தது. கோர்ட்டெஸ் ஒரு கைப்பிடி ஸ்பானியரோடு பேரரசை வென்றார் என்று படித்தால், அவரோடு சேர்ந்து போரிட்ட ஆயிரக்கணக்கான அண்டை நாட்டுத் தலாஷ்கலா வீரர்களையும் அஸ்டெக்குகள் மேல் அவர்களுக்கு இருந்த பழைய பகையையும் சேர்த்துக்கொள்.

ரீச்சர், இலங்கையின் காலி நகரில் கிடைத்த சீனக் கல்வெட்டில் தமிழும் இருக்குதாம். ஏன்? (யாழ்ப்பாணத்து மாணவன்)

அது செங் ஹ என்ற சீனக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்த கல். 1405 முதல் 1433 வரை ஏழு பயணம் போனவர். 1409-ஆம் ஆண்டு பொறித்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்தை, பாரசீகப் பகுதி அல்லாவை. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் காணிக்கை. இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் பேரம் நடந்த மொழிகளில் தமிழும் பாரசீகமும் இருந்ததால் அவருக்கு அவை தேவைப்பட்டன. 1911-இல் கண்டெடுத்தபோது மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வா.

உலகைச் சுற்றிய மகெல்லன் குழு ஒரு நாளைத் தொலைத்ததாமே? அப்புறம் 1582-இல் பத்து நாள் தொலைந்ததாம். என் பிறந்தநாள் அக்டோபர் 10. (எட்டாம் வகுப்பு மாணவன்)

இரண்டும் வேறு வேறு கதை. 1519-இல் ஐந்து கப்பல் கிளம்பின. மகெல்லன் வழியிலேயே, பிலிப்பைன்ஸின் மக்டான் தீவுச் சண்டையில் இறந்தார். எல்கானோ தலைமையில் விக்டோரியா என்ற ஒற்றைக் கப்பல் 1522 செப்டம்பரில் 18 பேரோடு ஸ்பெயின் திரும்பியது. அதற்கு முன் ஆப்பிரிக்கப் பக்கத்துத் தீவு ஒன்றில் இறங்கினால், இவர்கள் நாட்குறிப்பில் புதன், கரையில் வியாழன்! சூரியனைப் போலவே மேற்கு நோக்கியே போனதால், உலகைச் சுற்றி முடிப்பதற்குள் ஒரு விடியல் குறைந்துபோனது.

1582-இல் நடந்தது போப் கிரெகோரி செய்த திருத்தம். பழைய காலண்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, பருவமும் தேதியும் பத்து நாள் விலகியிருந்தன. அதைச் சரிசெய்ய அக்டோபர் 4 முடிந்து மறுநாளை 15 என்று வைத்துவிட்டார்கள். அந்த வருடம் நீ ரோமில் இருந்திருந்தால் உனக்குப் புதுச்சட்டை கிடையாது.