புற்றுநோய்க்கு எதிர்ப்புச் சக்தி மருந்தை நானோ துகளில் வைத்துக் கொடுப்பது ஏன்? நேராக ஊசி போட்டால் ஆகாதா?

எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும் மருந்தை, கொழுப்பால் ஆன குட்டி உருண்டையில் ஏற்றி அனுப்புவதுதான் இது. ஒன்று சுமார் 100 நானோமீட்டர்; ஒரு தலைமுடியின் குறுக்கே சில நூறு உருண்டைகள் வரிசை கட்டலாம்.

நேராகவும் போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பு அணுக்களை உசுப்பும் இன்டர்லூக்கின்-12 என்ற புரதத்தை 1990-களில் ரத்தத்தில் செலுத்திய ஒரு சோதனையில் பலருக்கு உடல்நிலை மோசமாகி இருவர் இறந்தே போனார்கள். மருந்து புற்றுக்கட்டியோடு நிற்காமல் உடம்பு முழுக்க எதிர்ப்பு அணுக்களைக் கிளறிவிட்டதுதான் காரணம். ஒரு வீட்டில் திருடன் புகுந்ததற்கு ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டிக் கத்தினால் இருட்டில் ஊர்க்காரர்களே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள் இல்லையா, அந்தக் கதை. அந்த வீட்டுத் தெருவில் மட்டும் தட்டி எழுப்பினால் போதும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பவுலா ஹேமண்ட் குழு இதே புரதத்தைத் துகளில் கட்டி, சினைப்பைப் புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கொடுத்தது. துகளின் மேல்பூச்சு புற்றணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும், மருந்து அங்கேயே நாள்கணக்கில் மெல்லக் கசியும். எனக்குப் பிடித்தது அந்தப் பூச்சுதான்.

அப்புறம், நானோ என்றதும் புற்றைத் தேடிப்போய்ச் சுடும் ரோபோ என்று நினைக்க வேண்டாம்: இவற்றுக்கு மோட்டாரும் இல்லை, மூளையும் இல்லை, ரத்தத்தில் விட்டால் மிதந்து போய் பெரும்பங்கு கல்லீரலில் சிக்கிக்கொள்கிறது.