பேக்கேமனில் காய்களை வெளியேற்றும்போது எப்போது பாதுகாப்பாக ஆடுவது, எப்போது துணிவது?

கேள்வி கேமன் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறேன்; அதாவது எதிராளி ஒரு காயைக்கூட வெளியேற்றும் முன் நீங்கள் எல்லாவற்றையும் எடுத்து இரட்டிப்பாக வெல்வது. உங்கள் காய்கள் எல்லாம் வீட்டுக்குள் (உங்கள் கடைசி ஆறு புள்ளிகளுக்குள்) வந்துவிட்டன. எதிராளியின் காய் ஒன்று வெட்டுப்பட்டு பாரில் (பலகையின் நடுத்தடுப்பில்) கிடக்கிறது; அது உங்கள் வீடு வழியாகத்தான் மீண்டும் நுழைய வேண்டும். அவர் இன்னும் ஒரு காயைக்கூட வெளியேற்றவில்லை. ஒற்றைக் காயை (ஒரு புள்ளியில் தனியாக நின்று வெட்டுப்படக்கூடிய காயை) விட்டாவது வேகமாக எடுக்கலாமா?

முதலில் விலையைப் பாருங்கள். பணத்துக்கு ஆடினால் சாதா வெற்றி +1, கேமன் +2, தோல்வி −1. கேமன் கூடுதலாகத் தருவது 1, வெட்டுப்பட்டுத் தோற்றால் போவது 2. எனவே துணிந்து ஆடுவதால் கூடும் கேமன்கள், கூடும் தோல்விகளைப் போல இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும்.

இப்போது ஒரு நிலை: உங்கள் வீட்டின் 4-ஆம் புள்ளியில் 2 காய், 3-இல் 2, 2-இல் 2, 1-இல் 3, ஆக 9 காய்கள். பகடையில் 4-1. நாலிலிருந்து ஒன்றை எடுத்து, மற்றதை மூன்றுக்கு இறக்கினால் ஒற்றைக் காயே இல்லை, மிச்சம் 8. நாலிலும் ஒன்றிலும் ஒவ்வொன்றை எடுத்தால் மிச்சம் 7, ஆனால் நாலில் ஒற்றை. அதை வெட்ட 36-இல் 11 வீச்சுகள், சுமார் 31%. இந்த ஆபத்துக்கு என்ன கிடைக்கிறது? இரட்டை (இரு பகடையிலும் ஒரே எண்) விழாவிட்டால் 8 காய்க்கும் 4 வீச்சு, 7 காய்க்கும் அதே 4 வீச்சு. ஒன்றும் இல்லை! ஒற்றைப்படை, இரட்டைப்படையை எண்ணாமல் காய் எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பாதுகாப்பான ஆட்டமும் முழுக்கப் பாதுகாப்பில்லை என்பது உண்மை. உச்சியில், அதாவது மூன்றில், 3 காய் நிற்பதால், அடுத்த முறை 1 விழாத 25 வீச்சுகளிலும் ஒற்றை விழும். ஆனால் அதற்குள் எதிராளி 4, 5, 6-இல் எங்காவது நுழைந்துவிட்டால் (36-இல் 27) உங்களைத் தாண்டிப் போய்விட்டார். அவர் பாரிலேயே தங்கி, உங்களுக்கும் ஒற்றை விழுந்து, அதுவும் வெட்டுப்படுவது சுமார் 5% மட்டுமே.

மூன்றில் இன்னொரு காய் கூடுதலாக இருந்தால், அதாவது மொத்தம் 10 இருந்தால், கதை வேறு. அதே 4-1-க்குப் பாதுகாப்பாக ஆடினால் மிச்சம் 9, அதாவது 5 வீச்சு. துணிந்தால் 8, அதாவது 4 வீச்சு. ஆபத்து அதே 31%, ஆனால் இப்போது ஒரு முழு வீச்சு மிச்சமாகிறது. பாதுகாப்பான பக்கத்தில் மூன்றில் 4 காய் இரட்டைப்படையாக நிற்பதால், அடுத்த வீச்சில் எது விழுந்தாலும் ஒற்றை விடாமல் ஆடலாம்.

அந்த ஒரு வீச்சு கேமனைத் தீர்மானிக்குமா என்பது எதிராளியின் மற்ற காய்களைப் பொறுத்தது. மற்ற 14-உம் அவர் வீட்டில் இருந்தால், பாரிலிருந்து வீடு சேர 19 அடி, பிறகு ஒரு காயை எடுக்க வேண்டும். ஒரு வீச்சின் சராசரி 8.17 அடி. 4 வீச்சிலேயே பெரும்பாலும் தப்பிவிடுவார். நீங்கள் துணிவது வீண். இரண்டு காய்கள் வீட்டுக்கு வெளியே அவருடைய 13-ஆம் புள்ளியில் மாட்டியிருந்தால் இன்னும் 14 அடி சேர்ந்து 33. அப்போது 4 வீச்சா 5 வீச்சா என்பது பெரிய வித்தியாசம்.

அவ்விடத்திலும் அவருடைய வீட்டை ஒருமுறை பாருங்கள். அதன் ஆறு புள்ளியையும் தலா இரண்டு காயால் அடைத்து, வெட்டுப்பட்ட உங்கள் காய் நுழையாமல் அவரால் தடுக்க முடிந்தால், நீங்கள் 10 காய் எடுத்திருந்தால்தான் ஆட்டம் ஏறக்குறைய சரிபாதி. இங்கே துணிந்த பிறகு எடுத்திருப்பது 15-இல் 7 மட்டுமே, எனவே வெட்டுப்பட்டால் பெரும்பாலும் தோல்விதான். வீடு சிதறிக் கிடந்தால் துணியுங்கள். வெட்டுப்பட்டாலும் திரும்பி வரலாம்.

குறிப்பிட்ட புள்ளி வரை ஆடும் போட்டியில் ஸ்கோர் எல்லாவற்றையும் மாற்றும். உங்களுக்கு 1 புள்ளி போதுமென்றால் கேமனுக்கு மதிப்பே இல்லை. கிராஃபோர்ட் ஆட்டத்தில் (ஒருவருக்கு முதல்முறையாக 1 புள்ளி மட்டும் தேவைப்படும்போது, பந்தயத்தை இரட்டிக்க முடியாத ஆட்டம்) உங்களுக்கு 2, அவருக்கு 1 தேவை என்றால், கேமனால் போட்டியே முடியும். அங்கே இரண்டு மடங்கு வேண்டாம், சமமாக இருந்தாலே போதும். பணத்துக்கு ஜேக்கபி விதியோடு ஆடும்போது கியூப் (பந்தயத்தை இரட்டிக்கும் கட்டை) இன்னும் நடுவில் இருந்தால், அதாவது யாரும் இரட்டிக்கவில்லை என்றால், கேமனுக்கும் ஒற்றைப் புள்ளிதான்.