சனிக்கிழமையானால் ரக்சௌல் கடைவீதியில் ஏன் இத்தனை கூட்டம்?

கேள்வி: வங்கி வேலையில் மாற்றலாகி, பீகாரின் ரக்சௌலுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமையானால் நேபாளத்தின் பிர்கஞ்சிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பருப்பு, எண்ணெய், துணிமணி வாங்கிச் செல்கிறார்கள். எங்கள் அலுவலகத்தாரோ பாலம் தாண்டி பிர்கஞ்சுக்குப் போய் ஜாக்கெட்டும் பெட்ரோலும் வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் எப்படி மலிவாக இருக்க முடியும்? நான் அங்கே ஒரு மிக்சி வாங்கினால் லாபமா?

பதில்: மிக்சிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அங்கே கடையில் இருக்கும் மிக்சி பெரும்பாலும் நம் ஊரிலிருந்து போனதாகத்தான் இருக்கும். நம் சரக்கையே அவர்கள் வரியையும் சேர்த்துக் கொடுத்து வாங்குவானேன்?

சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் அந்த வரிதான் காரணம். (சனி, நேபாளத்தில் வார விடுமுறை.) 1950 ஒப்பந்தத்தின்படி இரு நாட்டவரும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் அந்தத் தாராளம் ஆளுக்குத்தான். சரக்கு சுங்கச் சாவடியில் நின்று கணக்குக் காட்டியாக வேண்டும். ரக்சௌலில் 1,000 ரூபாய்க்கு விற்கும் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளப் பணத்தில் அது 1,600. வியாபாரி அதை முறைப்படி இறக்கினால் சுங்க வரி கட்ட வேண்டும். அதற்கும் மேல் 13 சதவீதம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி. 1,600க்கு மட்டும் கணக்குப் போட்டாலே வாட் 208 ரூபாய். வண்டி வாடகையும் கடைக்காரர் லாபமும் தனி. அந்த அம்மாளோ ஒரு டாங்கா குதிரை வண்டியிலோ ரிக்‌ஷாவிலோ ஏறி வந்து, நான்கு கடை பார்த்து, பேரம் பேசி, அதே சேலையை இங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நாணய மாற்றிலும் தலைவலி இல்லை. 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். கடைவீதியில் இந்தியப் பணத்தை ‘ஐ.சி.’ என்றும் நேபாளப் பணத்தை ‘என்.சி.’ என்றும் சொல்வார்கள், விலை கேட்டால் எந்தப் பணத்தில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரு கரையிலும் போஜ்புரி பேசுகிறார்கள். பெண் கொடுத்து, பெண் எடுக்கிறார்கள். இந்த உறவுக்கு அங்கே ‘ரோட்டி-பேட்டி’ (ரொட்டியும் மகளும்) என்றே பெயர். தெரிந்த கடையில் கடன் சொல்லவும் முடிகிறது. இதையெல்லாம் வெறும் விலைப் பட்டியலை வைத்து விளக்கிவிட முடியாது.

நேபாள அரசுக்கு இது பிடிக்குமா? 100 நேபாள ரூபாய்க்கு மேல் பெறுமான சரக்குக்கு வரி கட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நம் பணத்தில் 62 ரூபாய் 50 காசு! ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு பாக்கெட் உப்பும் வாங்கினால் அந்த வரம்பு நிறைந்தமாதிரிதான். பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், திடீரென்று இறுக்குவார்கள். 2023இல் இறுக்கியபோது எல்லையூர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. என்னைக் கேட்டால், இவ்வளவு சிறிய வரம்பால் பிடிபடுவது அரிசிப் பை சுமப்பவர்தான். லாரிக்கணக்கில் கடத்துபவருக்கு வேறு வழிகள் உண்டு.

இனி உங்கள் அலுவலகத்தார். பெட்ரோல் முழுவதையும் நேபாளம் இந்தியாவிடமிருந்துதான் வாங்குகிறது. அப்படியும் நம் மத்திய, மாநில வரிகள் ஏறும்போது அங்கே மலிவாகிவிடுகிறது. 2021இல் பீகாரில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது, இங்கிருந்து போன பெட்ரோலே பைக் டேங்கில் ஏறித் திரும்பி வந்தது. ஆனால் விலை மாறிக்கொண்டே இருக்கும். அன்றைய விலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜாக்கெட் கதை வேறு. அங்கே சீனச் சரக்கு ஏராளம். 1991இல் இறக்குமதிக் கெடுபிடி தளர்வதற்கு முன்பு வெளிநாட்டு டேப் ரெக்கார்டருக்கு நாம் சென்னை பர்மா பஜாருக்குப் போனோமே, வட இந்தியர்கள் அதே ஆசையில் நேபாள எல்லையூர்களுக்குப் போனார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் இது.

போகத்தான் வேண்டுமென்றால் உங்களுக்கென்று ஒரு ஜாக்கெட் வாங்குங்கள், பில்லோடு. ஊருக்கெல்லாம் சேர்த்து மூட்டை கட்டினால் நம் சுங்கத்தார் கேட்பார்கள். நிலவழியாக வருபவருக்கு விமானப் பயணிக்குரிய சலுகை கிடையாது. தையல் பிரிந்தால் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நம் நுகர்வோர் நீதிமன்றம் பாலத்துக்கு அப்பால் வராது. இன்னொன்று, பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு. நண்பர்கள் பிர்கஞ்சில் ‘வேறு’ கடைக்கும் அழைத்தால், குடித்துவிட்டுத் திரும்பி வருவதும் இங்கே குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.