பதில்: 'ஒரிஜினல் இல்லை' என்று சிரிக்கிறார்கள், ஸ்டார்ட்டும் ஆகவில்லை

நண்பரே, காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதற்கு ரைடு கும்பல் கேலி செய்தது, அதனால் பழைய பாயின்ட்டுக்கே (திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் ஸ்விட்ச்) திரும்பிவிட்டீர்கள், இப்போது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

திருப்பி அடித்தால் பெரும்பாலும் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், முன்னே போயிருக்கிறது என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகம் கூடும்போது எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முந்த வைக்கும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, துருப்பிடித்து இறுகினாலோ, எடைகள் விரிந்தபடியே நின்றுவிடும். அந்த யூனிட்டைக் கையால் திருகிப் பாருங்கள், விட்டதும் டப்பென்று திரும்ப வேண்டும். பிறகு பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அதன் பின்தான் டைமிங்: எடைகள் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கணும். வரிசை மாறினால் வேலை வீண், ஏனென்றால் இடைவெளியைத் தொட்டாலே டைமிங் நகரும்.

கிக் பண்ணும்போது கிக்கரை மெதுவாக அமுக்குங்க. அது இறுகி நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக் கொஞ்சம் தாண்டுங்க. அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் முழு மிதி. அரை மிதிதான் கணுக்காலுக்கு ஆபத்து.

கேலிக்கு வருவோம். போட்டியில் நடுவர் பார்க்கும் வண்டிக்குத்தான் நட்டு போல்ட் வரை ஒரிஜினல் தேவை. தினம் ஓட்டும் வண்டிக்கு இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் போதும். கழற்றிய எலக்ட்ரானிக் இக்னிஷன் யூனிட்டை விற்றுவிடாதீர்கள். அடுத்த ரைடில் பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்ஸர் ஒன்று, ஒரு கிளட்ச் கேபிள் கூடுதலாக வையுங்க. வண்டி நின்றுபோனவனுக்கு அதைக் கொடுத்தால் பேச்சே மாறும், சிரித்தவரே ஸ்பேனர் பிடிப்பார்.