சட்ஜத்துக்குக் கீழே தந்தி இல்லையே!

கேள்வி: கான்சர்ட் அளவு (நடுத்தரச் சிறிய அளவு) யுகுலேலே, அதாவது நான்கு தந்திச் சிறு கிட்டார் போன்ற கருவி, வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்கிறேன். கிட்டார்காரர் ஒருவரும் உண்டு. வீட்டில் மோகன ராக மெட்டுகளை எடுத்துப் பார்க்கும்போது சட்ஜத்துக்குக் கீழே இறங்க முடியவில்லை. நண்பர், ஜி தந்திக்குப் பதிலாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் 'லோ ஜி' தந்தி போடச் சொல்கிறார். பழகிய கார்டுகள் மாறிவிடுமா?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: மாறாது. விரல் வைக்கும் இடமும் கார்டின் பெயரும் அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் இழக்கப்போவது வேறொன்று.

உங்கள் கருவியின் சுருதி, நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை, ஜி-சி-இ-ஏ. சி-யை, அதாவது ஒரு கட்டையைச் சட்ஜமாகக் கொண்டால் வெறுந்தந்திகள் நான்கும் ப, ச, க, த. மோகனத்தின் ஐந்து சுரங்களில் நான்கு விரல் படாமலே வந்துவிடுகின்றன! ரிஷபத்துக்கு மட்டும் சி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி). 'த ப க' என்று மெதுவாக இறங்கிப் பாருங்கள். மூன்றும் மூன்று தந்திகள். ஒன்றின் நாதம் அடங்குமுன் அடுத்தது வந்து கலக்கும். நான்காம் தந்தியான ஜி, சட்ஜத்துக்கு மேலே, மத்திய ஸ்தாயிப் பஞ்சமமாக நிற்பதால் கிடைக்கும் அழகு இது. லோ ஜி போட்டால் அது சட்ஜத்துக்குக் கீழே, மந்திரப் பஞ்சமமாகிவிடும். மத்தியப் பஞ்சமத்தை இ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டிவரும். காந்தாரமும் அதே தந்தி என்பதால் ஒன்று ஒலித்தால் மற்றது நின்றுவிடும்.

எனவே கடைக்குப் போகுமுன் சட்ஜத்தை எஃப்-க்கு, நான்கு கட்டைக்கு, ஏற்றிப் பாருங்கள். வெறும் சி தந்தியே மந்திரப் பஞ்சமம். அதன் இரண்டாம் ஃப்ரெட் மந்திர தைவதம். சி சட்ஜத்தில் லோ ஜி தரும் அதே ஆழம், செலவில்லாமல். இப்போது 'க ரி ச' மூன்று தந்திகளில் விழும்: ஏ, ஜி, பிறகு இ-யின் முதல் ஃப்ரெட். பெண் குரலுக்கும் நான்கு கட்டை பெரும்பாலும் ஒத்துவரும்.

குழுவில் கிட்டார் இருக்கும்போது லோ ஜி எதற்கு? அடிநாதத்தைக் கிட்டார் பார்த்துக்கொள்ளும். தனியாகப் பாடி வாசிப்பவருக்குத்தான் அது பலம். இலங்கையின் துள்ளலிசையான பைலாவின் ஆறு எட்டுத் தாளத்துக்கோ இப்போதுள்ள உயர்ந்த ஜி-யின் துள்ளல்தான் பொருத்தம். (1879இல் போர்த்துக்கலின் மதேராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன சிறு கிட்டாரின் வழியில் வந்தது யுகுலேலே. உங்கள் ஊரில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுப் பைலாவிலும் போர்த்துக்கேய வாடைதான், தூரத்துச் சொந்தம்.)

பழைய இசைத்தாள்களில் ஏ-டி-எஃப் ஷார்ப்-பி என்ற சுருதியைக் காண்பீர்கள். எல்லாம் ஒரு முழுச் சுரம் உயர்ந்தது. சோப்ரானோ என்னும் இன்னும் சிறிய அளவு யுகுலேலேயில் கணீரென்றிருக்கும். உங்களுக்குத் தேவையில்லை.

அப்படியும் லோ ஜி வேண்டுமென்றால் இப்போதுள்ள தந்தியைத் தளர்த்தி இறக்காதீர்கள், தொளதொளவென்று தொங்கும். அதற்கென்ற தடித்த தந்தியை வாங்குங்கள். தலைப் பக்கம் தந்தி அமரும் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கலாம். உலோகம் சுற்றியது வேண்டாம். திருகோணமலை உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும்.