இல்மனைட் என்பது இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம். மேக்னடைட் வெறும் இரும்பும் ஆக்சிஜனும். இல்மனைட்டிலும் இரும்பு இருக்கிறதே, பிறகு ஏன் மேக்னடைட் மாதிரி காந்தத்தில் ஒட்டுவதில்லை?

முதலில் வேறு இரண்டு கனிமங்களைப் பாருங்கள்: ஹெமடைட், மேக்ஹெமைட். இரண்டிலும் இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன். வாய்பாட்டில் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் மேக்ஹெமைட் தூள் சாதாரணக் காந்தத்திலேயே அப்பிக்கொள்ளும், ஹெமடைட் தூள் அசைந்துகூடக் கொடுக்காது. எத்தனை இரும்பு என்று எண்ணிக்கொண்டிருந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. இரும்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான் பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்தை மேக்னடைட்டிலிருந்துதான் தொடங்குவேன். அதில் ஆக்சிஜன் அயனிகள் நெருக்கமாக அடுக்கியிருக்க, இடுக்குகளில் இரும்பு இருக்கும். இடுக்குகள் இரண்டு வகை: நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடம், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி இடம். வாய்பாட்டின்படி மூன்று இரும்பு. மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு ஃபெரிக், இரண்டு இழந்தது ஃபெரஸ். ஒரு ஃபெரிக் அயனி நான்முகி இடத்துக்குப் போகும். இன்னொரு ஃபெரிக்கும் ஒரு ஃபெரஸும் எண்முகி இடங்களுக்குப் போகும். நடுவில் இருக்கும் ஆக்சிஜன் வழியாக இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் திருப்பி நிறுத்துகின்றன. கயிறு இழுக்கும் போட்டிதான்: இரண்டு ஃபெரிக்கும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சமமாகிவிடும், எண்முகிப் பக்கம் கூடுதலாக நிற்கிற ஃபெரஸ் ஜெயிக்கும். மிஞ்சுவது சுமார் 4 போர் மேக்னட்டான் (அணு அளவில் காந்த வலிமையை அளக்கும் அலகு). இந்த வகைக் காந்தத்துக்கு ஃபெர்ரி காந்தம் என்று பெயர். பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நெயல் 1948இல் இதை விளக்கினார். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்த மேக்னடைட்டுக்குள் டைட்டானியம் வந்தால்? இந்தக் கனிமங்களில் உள்ள டைட்டானியம் அயனியிடம் காந்தம் தருவதற்குத் தனி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. மின்னூட்டக் கணக்கு சரியாக வர, இரண்டு ஃபெரிக் விலகி ஒரு டைட்டானியமும் ஒரு ஃபெரஸும் வரும். இரும்புகளுக்கு இடையிலான பிடிமானம் தளரும். மேக்னடைட் தன் காந்தத்தை இழப்பது சுமார் 580 டிகிரி செல்சியஸில். டைட்டானியம் ஏற ஏற அந்த வெப்பநிலை இறங்கி, உல்வோஸ்பினல் (இந்தக் குடும்பத்தில் டைட்டானியம் மிக அதிகமுள்ள கடைசிக் கனிமம்) வரும்போது மைனஸ் 150 பக்கம் போய்விடும்.

இல்மனைட் ஹெமடைட்டின் குடும்பம். இங்கே நான்முகி இடங்களில் யாரும் இல்லை. எல்லாரும் எண்முகி இடங்களில், அடுக்கு அடுக்காக இருக்கிறார்கள். ஹெமடைட்டில் எல்லா அடுக்கும் ஃபெரிக். ஓர் அடுக்கு ஒரு திசை, அடுத்தது எதிர்த்திசை. மிகச் சிறிய சாய்வு ஒன்று இருப்பதால் கொஞ்சம் காந்தம் தங்குகிறது, அவ்வளவுதான். இல்மனைட்டில் ஓர் அடுக்கு இரும்பு, அடுத்த அடுக்கு முழுக்க டைட்டானியம், மறுபடி இரும்பு. இரும்பு அடுக்குகள் டைட்டானியத்தைத் தாண்டித்தான் ஒன்றையொன்று உணர வேண்டும், அதனால் பிடிப்பு மிகவும் குறைவு. மைனஸ் 215 டிகிரிக்குக் கீழே போனால்தான் வரிசையாகும். அப்போதும் அடுக்குகள் எதிரெதிராக நின்று ரத்தாகிவிடும். நம் அறை வெப்பத்தில் அது வெறும் பாராகாந்தம், அதாவது காந்தம் அருகில் இருக்கும்போது மட்டும் லேசாக ஈர்க்கப்படும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஹெமடைட்டும் இல்மனைட்டும் கலந்த படிகம், இல்மனைட் பங்கு 60 சதவீதம் என்று வையுங்கள். அதிக வெப்பத்தில் டைட்டானியம் எல்லா அடுக்கிலும் சமமாகச் சிதறிக் கிடக்கும். அடுக்குகள் ஒன்றையொன்று ரத்து செய்யும். மெதுவாக ஆறவிட்டால் டைட்டானியம் ஒன்றுவிட்ட அடுக்குகளில் போய்ச் சேரும். இப்போது ஒரு தரப்பில் இரும்பு அதிகம், மறுதரப்பில் குறைவு. அதே படிகம் வலுவான ஃபெர்ரி காந்தமாகிவிடும். ஓர் அணுவைக்கூடச் சேர்க்கவில்லை, எடுக்கவுமில்லை! ஜப்பானின் ஹருனா எரிமலைப் பாறையில் இந்த வகைக் கனிமம் ஆறும்போது, பூமியின் காந்தப்புலத்துக்கு நேர் எதிர்த்திசையில் காந்தமேறியதை 1950களின் தொடக்கத்தில் கண்டார்கள்.

கையில் செய்து பார்க்க அமாங் மணல் நல்லது. பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் (வெள்ளீயம்) அலசிய பிறகு மிஞ்சும் கறுப்பு மணல் அது, பெரும்பாலும் இல்மனைட். தீபகற்பத்தின் ஈயக் கிரானைட்டே மேக்னடைட் குறைந்த, இல்மனைட் வகைக் கிரானைட்தான். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்த காந்தம் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கிடைத்தால் வாங்குங்கள். காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்கு அருகே கொண்டுபோங்கள். மேக்னடைட் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி முள்முள்ளாக நிற்கும். இல்மனைட் காந்தத்தை ஒட்டி மெல்லிய படலமாக மட்டும் ஏறும், துகளோடு துகள் கோத்துக்கொள்ளாது. ஃபிரிட்ஜ் காந்தம் போதாது. அதற்கு இல்மனைட் அநேகமாக மசியாது. ஆலைகளில் அதைப் பிரிக்க வலுவான காந்தப் பிரிப்பான் வைப்பதும் இதனால்தான்.

ஒன்றே ஒன்று: அமாங்கில் மோனசைட் என்ற கனிமமும் இருக்கும், அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. சிறு புட்டி அளவுக்கு மேல் வேண்டாம். தூசி பறக்காமல் பாருங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள்.